ஞானசுந்தரி எதிர் மாநில அரசு

வெள்ளேரிவயல், கூடலூர்
12.6.2003

நீதிபதி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என்னை நீங்கள் பார்த்ததில்லை. ஆனால் என் பெயரை நூறு தடவையாவது எழுதியிருப்பீர்கள். 1988இல் ‘ஞானசுந்தரி எதிர் மாநில அரசு’ என்று பெரிய தீர்ப்பு ஒன்று கொடுத்தீர்களே, அந்த ஞானசுந்தரி நான்தான். உங்கள் குன்னூர் விலாசத்தை வக்கீல் ஜூடித் அம்மாவிடம் வாங்கினேன். அவர் கொடுக்கத் தயங்கினார், நான்தான் விடாமல் நச்சரித்தேன்.

நான் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். ஈட்டிக்கொல்லி எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், ஆயாவாக இருந்தேன். 1986இல் உங்களுக்கு ஒரு தபால் கார்டு போட்டேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே ஓடைக்கரையில் பூச்சிமருந்து கலக்கும் தொட்டி இருக்கிறது, அதைக் கழுவிய தண்ணீர் எங்கள் குடத்துக்கு வருகிறது, பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது, தொட்டியை லயத்துக்குக் கீழே மாற்றச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அவ்வளவுதான். கார்டில் அதற்கு மேல் எழுத இடமும் இல்லை.

நீங்கள் அந்தக் கார்டையே மனுவாக எடுத்து நம்பர் போட்டீர்கள். கடைசியில் லயத்திலிருந்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் மலையிலிருந்து இறக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினீர்கள்.

பழைய கதையைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. இப்போது நான் என் தங்கை ஜெஸிந்தாவோடு வெள்ளேரிவயலில் இருக்கிறேன். போன திங்கட்கிழமை இங்கே அறுபத்து மூன்று வீட்டுத் தகரக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். எங்கள் பழைய ஓடை சேரும் ஆற்றுக்குத்தான் இந்த ஊர்த் தண்ணீரும் போகிறதாம். காரணம் என்று போட்டிருப்பது என் பெயர். ‘ஞானசுந்தரி வழக்கின் தீர்ப்பின்படி’ என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “எவடி அந்த ஞானசுந்தரி? எங்க இருந்தாலும் அவ நல்லா இருக்கமாட்டா” என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த ஊரில் ஜெஸிந்தாவைத் தவிர எல்லோருக்கும் நான் பேச்சி.

ஐயா, ஞானசுந்தரி இதைக் கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஆகஸ்ட் 22ஆம் தேதி கோர்ட்டில் விசாரணை. வக்கீலம்மா அங்கே காட்டுவார். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு
ஞானசுந்தரி

உறையின் மேல் பேச்சி என்று போடுங்கள். தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்.


குன்னூர்
21.6.2003

அன்புள்ள திருமதி ஞானசுந்தரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் தபால்காரரும் உறையைத் திருப்பி, அனுப்பியவர் பெயரை வாய்விட்டு வாசித்துத்தான் கொடுத்தார். அந்தப் பெயரில் ஓர் ஆள் இருக்கக்கூடும் என்பதை நான் எப்போதோ மறந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற நீதிபதி தன் தீர்ப்பைப் பற்றிப் பேசுவது மரபல்ல. ஆனாலும் தங்களுக்கு ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன். நம் அரசியலமைப்பின் இருபத்தொன்றாம் பிரிவு ஒரே வாக்கியம். சட்டம் வகுத்த நடைமுறையின்படி அல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்பது அது. உயிர் என்றால் வெறும் மூச்சு மட்டுமா என்று எங்கள் காலத்தில் கேட்டோம். நல்ல தண்ணீரும் நல்ல காற்றும் காடும் அதற்குள் அடக்கம் என்று சொன்னோம். சட்டமன்றமும் கலெக்டரும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்தில் நீதிமன்றம் கையை நீட்டியது. தங்கள் ஓடை கீழே போய் நான்கு லட்சம் பேருக்குக் குடிநீராகிறது. தங்கள் கார்டு வந்திராவிட்டால் அது என் கண்ணில் பட்டிருக்காது. தாங்கள் ஒரு தொட்டியைப் பற்றிக் கேட்டீர்கள், நான் ஓர் ஆற்றைக் காப்பாற்றினேன். அகந்தையாக இதைச் சொல்லவில்லை.

கீழே வீடும் பட்டாவும் கொடுக்கச் சொல்லியும் உத்தரவிட்டிருந்தேன். அதை நிறைவேற்றாதவர்கள் வேறு. தாங்கள் கேட்கும் தாளை நான் தர இயலாது. தங்கள் வக்கீல் மன்றத்தில் வாதாடட்டும்.

தங்கள்
க. நல்லசாமி


வெள்ளேரிவயல்
2.7.2003

நீதிபதி ஐயாவுக்கு,

ஆற்றைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொட்டி இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. லயம் போனதும் தொட்டியைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. போன வருஷம் அதற்குப் புதிதாகச் சிமெண்டுகூடப் பூசினார்கள். உங்கள் தீர்ப்பு எண்பத்தாறு பக்கமாம். அதில் தொட்டியைப் பற்றி முதல் பக்கத்துக்கு அப்புறம் ஒரு வரிகூட இல்லை என்று ஜூடித் அம்மா தேடிப் பார்த்துச் சொன்னார்.

எங்களை லாரியில் ஏற்றிக் கீழே வெயில் ஊரில் ஒரு பழைய மில் குடோனில் இறக்கினார்கள். மூன்று மாதத்தில் வீடு என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தோம். கார்டு எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். குழாயடியில் நான் போய் நின்றால் எனக்குப் பின்னால் ஒருத்தியும் குடத்தை வைக்கமாட்டாள். என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். கடைசி ஏழு மாதம் என்னோடு பேசாமலேயே இருந்து, சித்திரை மாதம் செத்துப்போனார். இன்ன வியாதி என்று டாக்டர் எதையும் எழுதவில்லை. அதற்கப்புறம்தான் பஸ் ஏறி ஜெஸிந்தாவிடம் வந்து, கேட்டவர்களிடமெல்லாம் பேச்சி என்று சொன்னேன். ஞானசுந்தரி என்று யாரோ ஒரு பொம்பளை என் பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருக்கிறது ஐயா. நான் நின்றால் அவளும் நிற்கிறாள். பயமாக இருக்கிறது.

அது என் பாடு, விடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் உங்களுக்கு இரண்டு தடவை எழுதினேன். 1988 பிப்ரவரியில் அளவெடுக்க வந்தவர்கள், லயத்தையே எடுக்கப் போகிறார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கே உட்கார்ந்து, எங்களுக்கு இந்த வழக்கே வேண்டாம், தொட்டி இருந்தபடி இருக்கட்டும், எங்களை விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக வந்த அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிப்ரவரி 19, அழகர்சாமி என்று கையெழுத்து. உங்கள் தீர்ப்பு மார்ச் 4.

என் கார்டை முழுசாகத் தீர்ப்பில் அச்சடித்து, ஏழைத்தாயின் குரல் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கடிதம் எங்கே ஐயா?

ஞானசுந்தரி


குன்னூர்
9.7.2003

அன்புள்ள திருமதி ஞானசுந்தரி அவர்களுக்கு,

தங்கள் கணவர் மறைவு குறித்து வருந்துகிறேன். இரண்டாவது கடிதம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. பதினைந்து ஆண்டுகளாகிவிட்டன. நீதிமன்றத்துக்கு நாள்தோறும் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வரும். அழகர்சாமி என் உதவியாளராக இருந்தவர். அவரும் காலமாகிவிட்டார். இது பற்றி இனியும் நாம் எழுதிக்கொள்வது முறையாகாது.

க. நல்லசாமி


குன்னூர்
27.7.2003

ஞானசுந்தரி அம்மாவுக்கு,

போன கடிதத்தில் பொய் எழுதினேன். அழகர்சாமி இறந்தது மட்டும் உண்மை.

வியாழக்கிழமை ஈட்டிக்கொல்லிக்குப் போனேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஊட்டியில் பஸ் மாறி, கூடலூர் தாண்டி, அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லை என்று கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். ஓட்டுநர் மட்டும் திரும்பிப் பார்த்து, “ஞானசுந்தரி ஸ்டாப்பாங்க?” என்று கேட்டு இறக்கிவிட்டார். ஒரு ஊரைக் காலி செய்துவிட்டு அதற்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறோம்.

நல்ல மழை. லயத்தில் இடுப்பளவுச் சுவர்தான் மிச்சம், உள்ளே உண்ணிச்செடி. பிள்ளைக் காம்பரா எதுவென்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. கூரை இல்லை, ஆனால் தொட்டில் கட்டும் இரும்புக் கம்பி இன்னும் குறுக்கே நிற்கிறது. அதில் ஒரு கயிற்றுத்துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று நின்ற பிறகும் அது ஆடியது என்று எழுதினால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பீர்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

தாகமாக இருந்தது. ஓடையில் குனிந்து கையை விட்டேன். மேலே தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆள் ஓடிவந்து, “அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க சார்” என்றார்.

இப்போது அந்தக் கடிதம். எழுதி முடித்த தீர்ப்பு என் மேசையில் இருந்தது. நான் எழுதியவற்றிலேயே சிறந்தது அது என்று எனக்கு அப்போதே தெரியும். அழகர்சாமி உங்கள் உறையைப் பிரித்துக் கொண்டுவந்து, “ஏனுங்கய்யா, இதைக் கேஸ் கட்டுல சேத்துப்போடட்டுங்களா?” என்று கேட்டார். எஸ்டேட்காரன் மிரட்டி எழுதி வாங்கியிருப்பான், அப்படியே வைங்க என்றேன். அதை நான் நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டேன். பொதுநல மனு எழுதியவருக்கு மட்டும் சொந்தமில்லை, அவர் வேண்டாம் என்றாலும் மன்றம் நடத்தலாம் என்பது சட்டம்தான். ஆனால் அதைத் திறந்த மன்றத்தில் சொல்லி, உங்களை வரவழைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அந்தத் தீர்ப்பைக் கொடுத்திருக்க முடியாது. அதனால்தான் கேட்கவில்லை. உயிர் என்பதை நான்கு லட்சம் பேருக்கு விரித்துக்கொண்டு போனவன், சட்டம் வகுத்த நடைமுறை என்று அதே வாக்கியத்தில் இருந்ததை நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்குக் கொடுக்காமல் விட்டேன்.

கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று சொந்தக் காகிதங்களோடு தவறி வந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதன் பின்பக்கம் முழுக்கக் கைநாட்டு. ஒன்றிரண்டு மிகச் சிறியதாக இருக்கின்றன. அதை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் இல்லை அம்மா. என் பெயரில் சட்டக் கல்லூரியில் ஒரு பரிசு கொடுக்கிறார்கள், அந்தத் தீர்ப்புக்காக.

க. நல்லசாமி


வெள்ளேரிவயல்
5.8.2003

ஐயா,

உங்கள் வருத்தத்தை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை வாங்கி நான் எங்கே வைப்பது? பதினைந்து வருஷமாக என்னுடையதையே வைக்க இடமில்லை.

சின்னதாக இருக்கும் கைநாட்டு எங்கள் மூக்கம்மா மகளுடையது. அப்பனும் ஆத்தாளும் கொழுந்துக்குப் போயிருந்தார்கள், வீட்டில் இருந்த ஆளாக அவள்தான் வைத்தாள். அவளுக்கு ஒன்பது வயசு. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள் என்று கேள்வி.

இருபத்திரண்டாம் தேதிக்குப் பதினேழு நாள் இருக்கிறது. இங்கே நேற்று ஒரு ஜீப் வந்து, எந்த வீட்டிலிருந்து இடிக்கத் தொடங்குவது என்று சுண்ணாம்பில் நம்பர் போட்டுவிட்டுப் போயிற்று. ஜெஸிந்தா வீட்டுக்கு ஏழு. அவள் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். நேற்று என்னைப் பார்த்து, “அக்கா, நீ எங்க போனாலும் இது பின்னாலயே வருதே” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கடிதம் உங்களுடையது அல்ல. எங்களுடையது. திருப்பிக் கொடுங்கள்.

ஞானசுந்தரி


குன்னூர்
16.8.2003

ஞானசுந்தரி அம்மாவுக்கு,

இதோடு உங்கள் கடிதத்தை இணைத்திருக்கிறேன். அது எப்போது வந்தது, நான் என்ன செய்தேன் என்பதை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி, ஊட்டியில் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டிருக்கிறேன். ஜூடித் அவர்களுக்கு ஒரு படி தனியாக அனுப்பிவிட்டேன்.

என் மருமகன் வேலுமணி கோவையில் பெரிய வக்கீல். விஷயம் தெரிந்து காரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். “இது உங்க பேரோட நிக்காதுங்க மாமா, நீங்க குடுத்த தீர்ப்பு அத்தனையும் சந்திக்கு வந்துடும்” என்றார். வயசாகிவிட்டது, ஞாபகப் பிசகு என்று ஒரு டாக்டர் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னார். என் மகள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. ஒரு மணி நேரம் அந்த யோசனையை நானும் நினைத்துப் பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆற்றைப் பற்றி நான் எழுதியது இன்றும் சரிதான் என்றே நினைக்கிறேன். அதை என் வாயால் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல், அவர்கள் சொன்னதை ஒளித்துவைத்து எழுதினேன். அப்படி எழுதியதை வைத்து இன்னொரு வீட்டை இடிக்கக்கூடாது. பத்திரத்தில் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.

என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்க வேண்டும் என்றிருக்கிறது. ஈட்டிக்கொல்லிக்காரர்கள் எல்லோர் சார்பிலும் நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

க. நல்லசாமி


வெள்ளேரிவயல்
30.8.2003

நீதிபதி ஐயாவுக்கு,

நானும் ஜெஸிந்தாவும் ஜூடித் அம்மாவோடு ரயிலேறிப் போனோம். அந்தக் கோர்ட்டுக் கட்டடத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பத்திரத்தை முழுசாக வாசித்தார்கள். அந்த ஞானசுந்தரி இருக்கிறாரா என்று இரண்டு நீதிபதிகளில் பெரியவர் கேட்டார். எழுந்து நின்றேன். பெயரைச் சொல்லச் சொன்னார். முதலில் பேச்சி என்றுதான் வாயில் வந்தது. அப்புறம் ஞானசுந்தரி என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெள்ளேரிவயலிலிருந்து வந்த ஆட்கள் பின்வரிசையில் இருந்தார்கள். கருப்பம்மாளும் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளேரிவயல் நோட்டீஸ் அறுபத்து மூன்றையும் ரத்து செய்துவிட்டார்கள். வீடு வீடாக வந்து, அவரவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் இனி யாரையும் கிளப்பக்கூடாதாம். உங்கள் தீர்ப்பையும் மேலே ஒரு பெரிய பெஞ்சு திரும்பப் பார்க்கப் போகிறது.

அதோடு விட்டிருக்கலாம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வேறென்னம்மா வேணும்? தயங்காம சொல்லுங்க. இந்த மலையில இருக்கற எல்லா லயத்துக்கும் சேத்து ஒரே உத்தரவாப் போட்டுடலாம்” என்றார். நல்ல மனுஷர். கண் கலங்கியிருந்தது. ஜெஸிந்தா என் கையைக் கிள்ளினாள். எல்லா லயத்துக்கும் பட்டா, எங்களுக்கு ஈட்டிக்கொல்லியில் வீடு, தொட்டியை உடைத்துப் போடுவது, எல்லாம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆசையாகத்தான் இருந்தது ஐயா. நீங்கள் அன்றைக்கு எப்படி இருந்திருப்பீர்கள் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது.

“நான் கேக்க வந்தது இது ஒண்ணுதாங்க சாமி. மத்தவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களையே கேளுங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஜெஸிந்தா என்னோடு பேசவில்லை. தட்டில் விழுந்த சோற்றைத் தட்டிவிட்டேன் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் செய்தது சரியா என்று எனக்கும் தெரியவில்லை. கருப்பம்மாள் மட்டும் நேற்று வந்து, ஒரு படி ராகி வைத்துவிட்டுப் போனாள். உங்களைப் பற்றிப் பேப்பரில் கண்டபடி எழுதியிருக்கிறார்கள், பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். என் பங்கை நான் யோசித்துச் சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள். மற்றவர்கள் சார்பில் என்னால் சொல்ல முடியாது. அவர்களுக்காக நான் எழுதிய ஒரு கார்டே போதும். போன பத்து நாளாக அங்கேயும் இங்கேயும் விசாரித்து, கூடலூர், திருப்பூர், மேட்டுப்பாளையம் என்று நாற்பத்தேழு குடும்பத்தின் விலாசம் சேர்த்திருக்கிறேன். பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் நீங்களே தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். மூக்கம்மா மகள் விலாசம் இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தால் அனுப்புகிறேன்.

லயத்தில் எப்போதும் எங்கள் வீடுதான் முதல் வீடு. அந்தப் பழக்கத்தில் பின்பக்கப் பட்டியலிலும் முதல் பெயராக இசக்கிமுத்து என்று எழுதிவிட்டேன். அதற்கு நேரே எழுத விலாசம் இல்லை. அடிக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

ஞானசுந்தரி